ஹுவேயிலிருந்து ஹோய் ஆனுக்குத் தனி வண்டியில்: கணவாய் வழியே ஒரு பகல்

மத்திய வியட்நாமில் ஹுவே நகரிலிருந்து ஹோய் ஆனுக்கு மார்ச் மாத நடுவில் பெற்றோருடன் செல்லவிருப்பதாகவும், ரயிலில் போவதா அல்லது ஓட்டுநருடன் தனி வண்டி அமர்த்துவதா என்று தீர்மானிக்க முடியவில்லை என்றும், வண்டி என்றால் வழியில் எங்கெங்கே நிற்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வழியில் இருமுறை சென்றவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சூழலுக்குத் தனி வண்டிதான் பொருத்தம். ஆனால் அந்த வண்டி ஹாய் வான் கணவாயின் மேல் ஏறி இறங்க வேண்டும். மலைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாகப் போவதாக இருந்தால், வண்டிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தி ரயிலிலேயே போய்விடலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல் முறை நான் சென்றபோது, 'இயற்கைக் காட்சிகளுடன் கூடிய பயணம்' என்று எழுதியிருந்த விளம்பரத்தை நம்பி, வேறு எதையும் விசாரிக்காமல் முன்பணம் கட்டிவிட்டேன். லாங் கோ ஊரைத் தாண்டியதும் வண்டி நேராகச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. நான் பதறிக் கேட்டு, ஓட்டுநர் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் புரிந்துகொள்வதற்குள் மறுபக்கம் வந்து டா நாங் நகரின் புறப்பகுதி தெரிந்துவிட்டது. அவர்மேல் தவறில்லை; அவருக்குச் சொல்லப்பட்ட வழி அதுதான். கணவாய்க்கு எரிபொருளும் நேரமும் கூடுதலாகச் செலவாகும் என்பதால், குறிப்பிட்டுக் கேட்காதவர்களைச் சுரங்கம் வழியாகவே அழைத்துச் செல்கிறார்கள். ஆகவே பதிவு செய்யும்போதே 'டெயோ ஹாய் வான்', அதாவது ஹாய் வான் கணவாய் வழி என்று எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஹம்'. காலையில் வண்டியில் ஏறும்போது இன்னொரு முறை சொன்னாலும் தவறில்லை.

தொலைவைப் பொறுத்தவரை இது நீண்ட பயணமே அல்ல. ஹுவேயிலிருந்து டா நாங் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அங்கிருந்து ஹோய் ஆன் இன்னும் 30 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் சுரங்கம் வழியாகச் சென்றால் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். கணவாய் ஏறி, நான்கைந்து இடங்களில் இறங்கி, நிதானமாகச் சாப்பிட்டுச் செல்ல ஏழெட்டு மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால், ஹோய் ஆனில் விளக்குகள் ஏற்றும் வேளைக்கு முன்பே போய்ச் சேரலாம். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. வண்டியின் அளவையும் நிறுத்தங்களையும் பொறுத்து, நான் விசாரித்த அளவில் 50 முதல் 80 அமெரிக்க டாலர் வரை கேட்கிறார்கள். நான்கு பேரும் பெட்டிகளும் என்றால் ஏழு இருக்கை வண்டியைக் கேளுங்கள்; நான்கு இருக்கை வண்டியில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொள்ள நேரிடும். சுங்கக் கட்டணம் தொகையில் அடங்குமா, காத்திருக்கும் நேரத்துக்குத் தனியாகக் கேட்பார்களா என்ற இரண்டையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டுகள் பெரும்பாலும் உங்கள் பொறுப்பாகவே இருக்கும்.

வண்டியை நாமே வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை. இந்தியாவில் நமக்குத் தருவதோ 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படியானது. அது தவிர, அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. பழக்கமில்லாத பக்கத்தில், கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே எண்ணெய் லாரி வரும்போது காட்சியை ரசிக்க முடியாது.

ரயிலைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹுவேக்கும் டா நாங்குக்கும் இடையேயான தண்டவாளம் மலையைக் குடைந்து நேராகச் செல்லாமல், கணவாய்ச் சாலைக்குக் கீழே கடலையொட்டி முனையைச் சுற்றிக்கொண்டு போகிறது. சாலையிலிருந்து தெரியாத சிறு கடற்கரைகளும், பாறைமேல் மோதும் அலைகளும் ரயில் சன்னலுக்கு அருகிலேயே தெரியும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் இவ்விரு நகரங்களுக்கும் இடையே சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஒரு தனி ரயில் சேவையும் ஓடுகிறது. தனியாக, ஒரு முதுகுப்பையுடன் போகிறவராக இருந்தால் ரயிலைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் ரயில் ஹோய் ஆனுக்குப் போவதில்லை. டா நாங்கில் இறங்கிப் பெட்டிகளுடன் மறுபடி டாக்சி தேட வேண்டும். பிடித்த இடத்தில் நின்று பார்க்கவும் முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். தங்குமிடத்தின் வாசலில் ஏறி, அடுத்த தங்குமிடத்தின் வாசலுக்கு இயன்ற அளவு அருகில் இறங்குவது அவருக்குப் பெரிய நிம்மதி.

இனி வழியைப் பற்றிச் சொல்கிறேன். ஹுவேக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர் அளவில், மன்னர் காய் டின் கல்லறை மாளிகை இருக்கிறது. 1920இல் தொடங்கி 1931இல் முடிக்கப்பட்ட கட்டடம் அது. அழகானதுதான், ஆனால் செங்குத்தான படிகள் பல ஏற வேண்டும், நன்றாகப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஹுவேயில் தங்கும் நாள்களிலேயே அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பகலை மலைக்கும் கடலுக்கும் ஒதுக்குவது நல்லது. நகரை விட்டு வெளியேறியதும் சிறிது நேரத்துக்கு 1ஆம் தேசிய நெடுஞ்சாலையில் கடைகள், வயல்கள், லாரிகள் என்று சாதாரணக் காட்சிகளே வரும். பிறகு இடப்பக்கம் மெல்ல நீர் விரியத் தொடங்கும். அது கடலன்று, தாம் யாங் – கௌ ஹாய் காயல். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் இந்த நீர்ப்பரப்பு, தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய காயல் என்று கருதப்படுகிறது. காலை வெயிலில் மீன்பிடி வலைகளின் மூங்கில் கம்பங்கள் நீரில் கோடு கோடாக நிற்பதைப் பார்க்க, ஓட்டுநரிடம் சொல்லிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

வலப்பக்கம் தெரியும் உயர்ந்த மலைத்தொடர் பாக் மா. 'வெள்ளைக் குதிரை' என்று பொருள். உச்சி 1,450 மீட்டர். 1930களில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கோடை வாசத்தலம் அமைத்தார்கள். 1991இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் வேண்டும், ஆகவே இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஆனால் அந்த மலையைச் சற்றுக் கவனித்துக்கொள்ளுங்கள். நாட்டின் மேற்கு எல்லை நெடுகத் தெற்கு வடக்காக ஓடும் துருவோங் சோன் மலைகளிலிருந்து பிரிந்து, குறுக்கே கிழக்கு நோக்கி வந்து கடலில் இறங்கும் கிளை அது. அந்தக் கிளை கடலைத் தொடும் இடத்தில்தான் ஹாய் வான் இருக்கிறது.

லாங் கோ கணவாயின் அடிவாரத்தில் உள்ள மீனவ ஊர். ஒருபுறம் வெண்மணல் கடற்கரை, மறுபுறம் லாப் ஆன் என்ற காயல், நடுவே ஒடுங்கிய நிலத்திட்டில் ஊர். காயலில் சிப்பி வளர்ப்புதான் பலருக்குத் தொழில். கரையோரக் கடைகளில் முத்து மாலைகள் விற்பார்கள், பேரம் பேசாமல் வாங்காதீர்கள். கடல் உணவு சாப்பிடுகிறவர்கள் இங்கேயே நேரத்தோடு மதிய உணவை முடித்துக்கொள்ளலாம். சிப்பி, இறால், நண்டு எல்லாம் நீரிலிருந்து எடுத்ததும் சமைப்பார்கள். எடை போடும்போதே விலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பெற்றோர் சைவ உணவுக்காரர்கள் என்பதால் அவர்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது. காய்கறி மட்டும் போட்ட பண்டம் என்று கொடுப்பதிலும் மீன் நொதிச்சாறு சேர்ந்திருக்கும். ஹுவே பௌத்த மரபு ஆழமாக வேரூன்றிய நகரம். அங்கே 'சாய்' என்று பெயர்ப்பலகை வைத்த சைவ உணவகங்கள் நிறைய உண்டு. காலையிலேயே அங்கு கட்டுச்சோறு போல எதையாவது வாங்கிவைத்துக்கொண்டால், டா நாங் போய் வேறு சைவக் கடை தேடும்வரை பசி தாங்கும். 'ஆன் சாய்' என்றால் சைவம் சாப்பிடுகிறோம் என்று பொருள். எந்த ஊரிலும் புரிந்துகொள்வார்கள்.

லாங் கோவைக் கடந்ததும் சாலை இரண்டாகப் பிரியும். நேரே போவது சுரங்கம், வளைந்து ஏறுவது கணவாய். 6.28 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கப்பாதை 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது; இரண்டாவது குழாய் 2021 ஜனவரியில் போக்குவரத்துக்கு வந்தது. அதற்கு முன்பு நாட்டின் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் சென்ற ஒவ்வொரு பேருந்தும் லாரியும் இந்த மலையில்தான் ஏறி இறங்கின. சாலையோரத்தில் ஊதுவத்தி புகையும் சிறு மாடங்களை நீங்கள் பார்ப்பீர்கள். விபத்தில் உயிரிழந்தவர்களுக்காக எழுப்பப்பட்டவை அவை. இப்போது பெருவாரியான வண்டிகள் அடியில் போய்விடுவதால், எண்ணெய் லாரிகளும் கால்நடை ஏற்றிய வண்டிகளும் மோட்டார் சைக்கிள் பயணிகளும் நம்மைப் போன்றோரும் மட்டுமே மேலே செல்கிறோம். நிறுத்தி நின்று பார்க்கும் வசதியை இந்தச் சாலைக்கு வாங்கிக் கொடுத்தது அந்தச் சுரங்கம்தான் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

கணவாய்ச் சாலையின் நீளம் சுமார் 21 கிலோமீட்டர். உச்சி கடல் மட்டத்திலிருந்து 496 மீட்டர். எண்ணைக் கேட்டால் நம் மலைப்பாதைகளோடு ஒப்பிட்டு இது என்ன உயரம் என்று தோன்றும். ஆனால் இங்கே மலை கடலிலிருந்தே நேராக எழுகிறது. ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் கீழே கடல் அகன்றுகொண்டே போகும். தெற்கு நோக்கிப் போகும்போது ஏற்றத்திலும் இறக்கத்திலும் கடல் இடப்பக்கமே இருக்கும். அங்கே ஓட்டுநர் இருக்கையும் இடப்புறம் என்பதால், அவருக்கு நேர் பின்னால் உள்ள இடம்தான் காட்சிக்கு உகந்தது. அதை அம்மாவுக்குக் கொடுங்கள். மலைப்பாதையில் தலைசுற்றுபவர்கள் முன்னிருக்கையில் அமர்வது நலம்.

உச்சிக்குப் போனால்தான் காட்சி என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். என் கணிப்பில் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பார்வை வட சரிவில், ஏற்றத்தின் பாதி வழியில் கிடைக்கிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், லாங் கோவின் காயலும் மணல்திட்டும் கடலும் ஒன்றையொன்று தழுவி வளைந்து கிடப்பதும், காயலின் வாய்க்குக் குறுக்கே பாலம் ஒரு நூல்போல ஓடுவதும் முழுமையாகத் தெரியும். வண்டி உள்ளே மலையோரத் தடத்தில் செல்வதால், பார்ப்பதற்கு எதிர்த் தடத்தைக் கடந்துபோக வேண்டியிருக்கும்; சாலை அகன்று நிற்கும் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், வளைவில் நிறுத்த எந்த நல்ல ஓட்டுநரும் உடன்படமாட்டார், நாமும் வற்புறுத்தக் கூடாது.

உச்சியில் தேநீர்க் கடைகளும் கூட்டமும் இருக்கும். சற்று மேலே, சில படிகள் ஏறினால், ஹாய் வான் குவான் என்ற செங்கல் வாயில். நுயென் வம்சத்து மன்னர் மின் மாங் 1826இல் கட்டுவித்தது. ஹுவேயை நோக்கிய பக்கத்தில் வாயிலின் பெயரும், தெற்கு நோக்கிய பக்கத்தில் 'வையத்தின் தலைசிறந்த அரண்வாயில்' என்று பொருள்படும் தொடரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஹுவே தலைநகராக இருந்த காலத்தில், தெற்கே டா நாங் துறைமுகத்தில் இறங்கும் எந்தப் படையும் தலைநகரை அடைய இந்த ஓர் ஒடுங்கிய வழியைத்தான் கடக்க வேண்டும். 1858இல் பிரெஞ்சு, ஸ்பானியப் படைகள் உண்மையிலேயே டா நாங்கில் வந்து இறங்கின. பிற்காலப் போர்களில் கட்டிய கான்கிரீட் பதுங்கரண்கள் வாயிலைச் சுற்றி இன்றும் நிற்கின்றன. பல்லாண்டுகள் சிதைந்து கிடந்த இந்த இடம் எந்த மாகாணத்துக்கு உரியது என்பதில் இழுபறி இருந்தது. 2017இல் தேசிய நினைவுச்சின்னமாக ஏற்கப்பட்டு, பின்னர் ஹுவே, டா நாங் இரு தரப்பும் இணைந்து புதுப்பித்து, 2024 ஆகஸ்டில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளில் 'உச்சியில் இடிபாடுகள் மட்டுமே' என்று படித்திருந்தால் அது இன்று பொருந்தாது. அம்மாவால் படியேற முடியாவிட்டால் கீழே கடையில் ஒரு குளிர்ந்த பால் காப்பியுடன் அமர்ந்திருக்கலாம். அங்கிருந்தும் இரு பக்கமும் தெரியும்.

இந்த முகடு ஒரு நாட்டின் எல்லையாகவே இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் இந்தப் பயணம் இன்னும் ஆழமாகப் பதியும். இன்றைய மத்திய வியட்நாமின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சம்பா அரசர்களின் நாடு. அவர்கள் சிவனை வழிபட்டவர்கள், சமஸ்கிருதத்தில் கல்வெட்டுப் பொறித்தவர்கள். 1306இல் சம்பா மன்னன் மூன்றாம் ஜய சிம்மவர்மன், வட வியட்நாமை ஆண்ட துரான் வம்சத்து இளவரசி ஹுயென் துரானை மணந்தான். அந்தத் திருமணத்துக்கு ஈடாக அவன் விட்டுக்கொடுத்த இரண்டு நிலப்பகுதிகளில்தான் நீங்கள் காலையில் புறப்பட்ட ஹுவே இருக்கிறது. மறு ஆண்டே அவன் இறந்துபோனான், நிலம் திரும்பவில்லை. அதன்பின் ஹாய் வான் முகடு இரு அரசுகளுக்கும் நடுவே நின்றது. 1471இல் லே தான் தோங் மன்னர் சம்பாவின் தலைநகர் விஜயாவைக் கைப்பற்றியதோடு வியட்நாமியர் ஆட்சி தெற்கே வெகுதூரம் பரவியது.

வானிலைக்கும் இந்த முகடே எல்லை. ஹாய் வான் என்றால் கடலும் மேகமும். வடகிழக்கிலிருந்து வரும் குளிர்ந்த ஈரக்காற்று இந்தச் சுவரில் மோதி மேகமாகத் தேங்குகிறது. அதனால் குளிர்காலத்தில் ஹுவே தூறலில் நனைந்துகொண்டிருக்கும்போது, மறுபக்கம் டா நாங்கில் வெயில் அடிப்பது சாதாரணம். நம் ஊரில் ஐப்பசி மழை கொட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் அங்கும் பெருமழை. புயலும் வெள்ளமும் அப்போது வரும், ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் தெருக்களில் நீர் புகும். அந்த மாதங்களில் கணவாய்ப் பயணம் வேண்டாம். மார்ச் நடு நல்ல தேர்வு: குளிர் விலகத் தொடங்கியிருக்கும், கடும் கோடை வந்திருக்காது. இருந்தாலும் சில நாள் காலையில் உச்சியை மேகம் மூடிவிடும். அப்படி நேர்ந்தால் ஹுவேயில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதித்துப் புறப்படுங்கள்; சுற்றிலும் வெண்புகையே தெரிந்தால் வளைவுகள் பாதுகாப்பல்ல, ஓட்டுநர் சுரங்கம் வழியே போகலாம் என்று சொன்னால் அந்த ஒரு சூழலில் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் டா நாங் விரிகுடாவும் சோன் சா தீபகற்பமும் முன்னே விரியும். தீபகற்பத்தில் கடலைப் பார்த்து நிற்கும் 67 மீட்டர் உயர வெண்ணிறச் சிலை கருணையின் வடிவான குவான் அம் அன்னையுடையது. பெரும்பாலான ஓட்டுநர்கள் அங்கே அழைத்துச் செல்ல முன்வருவார்கள். எல்லாவற்றுக்கும் நேரம் போதாது என்றால், நான் அதை விட்டுவிட்டு ஆற்றங்கரையிலுள்ள, சம்பா நாட்டுச் சிற்பங்களைக் கொண்ட சாம் சிற்ப அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுப்பேன். 1919இல் திறக்கப்பட்ட பழமையான அருங்காட்சியகம் அது. கணவாயில் நீங்கள் கடந்துவந்த அந்த நாட்டின் தெய்வங்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன: ஆடும் சிவன், நின்ற கோலப் பிள்ளையார், இலிங்கங்கள், முனிவர்கள் இசைத்தும் ஓதியும் வாழும் காட்சிகள் செதுக்கிய மி சோன் பீடம், ஆடல் மகளிர் வரிசை கொண்ட துரா கியூ பீடம். முகங்கள் நமக்குப் பழகிய முகங்கள் அல்ல. தடித்த உதடும் அகன்ற மூக்குமாகத் தனி மரபு. ஆனால் அந்தக் கையமைதிகளை உங்கள் அப்பா யாரும் சொல்லாமலே அடையாளம் கண்டுகொள்வார். வெயில் உச்சமான நேரத்தில் நிழலில், ஒரே தளத்தில் நடந்து பார்க்கக்கூடிய இடம் என்பது இன்னொரு வசதி.

டா நாங்கிலிருந்து ஹோய் ஆன் செல்லும் வழியில் பளிங்கு மலைகள். ஐந்து குன்றுகள், ஐம்பூதக் கொள்கைக்கு இணையான சீன மரபின் ஐந்து மூலகங்களின் பெயர்கள் அவற்றுக்கு. நீர் மலையில் மட்டும் ஏறுகிறார்கள். பாதி உயரம் வரை மின்தூக்கி இருந்தாலும், குகைக்குள் இறங்கும் படிகள் ஈரமாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். நீங்கள் மட்டும் போய்வாருங்கள், பெற்றோர் அடிவாரத்தில் சிற்பிகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். களைப்பாக இருந்தால் இந்த நிறுத்தத்தை முழுவதுமாகக் கைவிட்டாலும் குறையில்லை.

மி சோன் கோயில்களையும் இதே நாளில் சேர்க்கலாம் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சேர்க்கக் கூடாது. அது ஹோய் ஆனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாலையில் அவசரமாகப் போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் இருக்காது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சம்பா மன்னன் பத்ரவர்மன் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எழுப்பிய இடம். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெருமளவு அழிந்தது. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020 மே மாதம் மணற்கல்லால் ஆன ஒற்றைக்கல் இலிங்கம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுங்கள்.

ஹோய் ஆன் பழைய நகர்ப்பகுதிக்குள் மாலையில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. தங்குமிடம் அதற்குள் இருந்தால், எந்த முனையில் இறங்க வேண்டும், பெட்டிகளை எடுத்துச் செல்ல யார் வருவார்கள் என்பதை முந்தைய நாளே விடுதியில் கேட்டு, ஓட்டுநருக்கு அனுப்பிவிடுங்கள். அன்றைய ஓட்டுநர் உங்களுக்குப் பிடித்துப்போயிருந்தால், இறங்கும்போதே மறுநாள் காலை ஆறரை மணிக்கு மி சோனுக்கு வர முடியுமா என்று கேளுங்கள். வெயில் ஏறுவதற்குள், சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்குள், அந்தச் செங்கல் கோயில்களின் நடுவே அப்பாவும் அம்மாவும் அமைதியாக நடந்துவிட்டு வரலாம்.